குடைக்காரிக்கு ஒரு திருத்தம்

மகள் வாய் திறந்து ஒரு முழு வாக்கியம் பேசுவதற்கு அந்த மாதம் என்ன விலை என்று கறாரிடம் கேட்டிருந்தால், பதினொரு பாகம் என்று சொல்லியிருப்பார். பள்ளிக்கூடக் காதலைப் பற்றிய ஜப்பானியப் படக்கதை, தமிழில் பெயர்த்தது, ஒவ்வொரு பாகமும் செங்கல் கனம். அத்தனையையும் படித்துப் பத்திரிகையில் எழுதினால் அவள் பேசிவிடுவாள் என்று அவராகவே விலை வைத்து, அவராகவே ஒப்புக்கொண்டிருந்தார். எதிர்த்தரப்பு பேரத்துக்கே வரவில்லை.

கறார் என்பது பெற்றவர்கள் வைத்த பெயரல்ல, ஒட்டிக்கொண்ட பெயர். பகலில் திரைச்சீலைத் துணிக்கடையில் விற்பனை வேலை. அப்பா, பெரியப்பா, தாய்மாமன் எல்லோருமே துணி வியாபாரிகள். அவர் பிறந்து வீறிட்டு அழுதபோது, "இது சொல்ற விலை, போகப் போகக் குறைப்பான்" என்று பெரியப்பா சொன்னாராம். அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்தவர் வாரப் பத்திரிகை ஒன்றில் கறார் என்ற பெயரிலேயே விமர்சனம் எழுதினார். நாவலோ சினிமாவோ, துணியைப் போல விரலிடுக்கில் தேய்த்துப் பார்ப்பார், வெளிச்சத்துக்கு நேரே பிடிப்பார், "ரெண்டு தடவை துவைத்தால் சாயம் நிற்காது" என்று எழுதுவார். வாசகர்கள் சிரித்தார்கள். விமர்சிக்கப்பட்டவர்கள் அவ்வளவாகச் சிரிக்கவில்லை.

வீட்டில் சிரிக்காதவள் மகள். பதினாறு வயது. பிறந்தபோது உள்ளங்கைக்குள் அடங்கினாள் என்று சில்லறை எனக் கூப்பிட ஆரம்பித்து, அதுவே நிலைத்துவிட்டது. இரண்டு மாதமாகச் சில்லறை அவரோடு 'ம்', 'சரி', 'வேணாம்' என்ற மூன்று சொல்லில் காலம் தள்ளினாள். காரணம் அவருக்குத் தெரியும். தெரியும் என்றுதான் அவர் நினைத்திருந்தார்.

காரணம் ஒரு படிக்கட்டில் தொடங்கியது. ஒரு மாலை அவர் கடையிலிருந்து சீக்கிரமே திரும்பினார். லிஃப்ட் பழுது. முணுமுணுத்துக்கொண்டே படியேறி, மூன்றாம் மாடியிலிருந்த தன் வீட்டு வாசலுக்கு வந்தபோது மேலே விசும்பல் கேட்டது. நிமிர்ந்தார். நான்காம் மாடிக்குப் போகும் படித் திருப்பத்தில் சில்லறை நின்றாள், முகமெல்லாம் கண்ணீர். பக்கத்தில் ஒரு பையன். அவளுடைய புத்தகப் பை அவன் தோளில், அவளுடைய மணிக்கட்டு அவன் கையில். டியூஷனில் கூடப் படிக்கிறவன், அந்தக் கட்டடத்து லிஃப்டைப் பார்த்துக்கொள்ளும் மெக்கானிக்கின் மகன் என்பதெல்லாம் பின்னால்தான் தெரிந்தது. அதற்கும் மேலே இருப்பது மொட்டைமாடி. மொட்டைமாடிக்கு ஒரு பையன் ஒரு பெண்ணைக் கையைப் பிடித்து எதற்குக் கூட்டிப் போவான்? "யாருடா நீ, பொறுக்கி" என்று அவர் போட்ட சத்தத்தில் நான்கு மாடியும் கதவைத் திறந்து பார்த்தது.

ஒரு வாரம் கழித்து மதிப்பெண் தாள் வந்தது. கணக்கில் முப்பத்தொன்று. பையன், அழுகை, முப்பத்தொன்று. கறார் மூன்றையும் வரிசையாக அடுக்கினார், கூட்டினார், விடை வந்துவிட்டது. லிஃப்ட் மெக்கானிக்கிடம் போய், "உங்க பையன் என் பொண்ணைக் கெடுத்துட்டான்" என்றார். டியூஷன் வாத்தியாரிடம் சொன்னார். குடியிருப்போர் சங்கச் செயலாளரிடம் சொன்னார். போதாததற்கு மைத்துனரிடம் போனில் சொன்னார். பத்து நாளில் பையனை வேறு ஊரிலிருந்த பெரியப்பா வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டபோது, நல்ல பேரம் முடிந்த கையோடு அன்று நிம்மதியாகச் சாப்பிட்டார். மகள் சாப்பிடவில்லை. அன்றிலிருந்துதான் 'ம்'.

இந்த நிலையில் பத்திரிகை ஆசிரியரம்மா போன் செய்தார்.

"கறார் சார், இந்த வாரம் மாங்கா ஒண்ணு பார்த்து எழுதித் தர்றீங்களா?"

"மாங்காயா? புளிக்குதா இல்லையான்னு கடிச்சுப் பார்த்தாப் போதுமே. அதுக்கு எதுக்கும்மா விமர்சனம்?"

"ஐயோ சார், ஜப்பான் படக்கதைக்கு அதான் பேரு. 'நாளைக்கும் குடை'ன்னு ஒரு தொடர். பொண்ணுங்க எல்லாம் தலையணைக்கு அடியில வச்சுக்கிட்டுத் தூங்குதுங்க."

அந்தப் பெயர் அவருக்குத் தெரியும். சில்லறையின் மேசை மேல் முதுகு காட்டி வரிசையாக நிற்கிற பதினொன்றும் அதுதான். அன்று ராத்திரி அவள் அறை வாசலில் நின்று, "இதை நான் படிக்கலாமா?" என்றார். "ம்" என்றாள்.

அவர் கணக்கு இதுதான். கடைக்கு வந்து விலை அநியாயம் என்று சண்டை போடுகிறவர் எங்கேயும் போகமாட்டார். துணியைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் படியிறங்குகிறவர்தான் போய்விட்டவர். மகள் பேசாமல் படியிறங்கிக்கொண்டிருந்தாள். அவளைச் சண்டைக்காவது இழுக்க வேண்டும். அவளுக்குப் பிடித்த கதாநாயகியை நாலு வார்த்தை கேட்டால் வருவாள். வந்தால், காதல் கத்தரிக்காய் என்று அலைகிற பெண்கள் என்ன கதிக்கு ஆளாவார்கள் என்று அந்தச் சாக்கில் ஒரு புத்தியும் சொல்லிவிடலாம். ஒரு கல்லில் இரண்டு மாங்காய்.

முதல் பாகத்தைத் திறந்தவுடன், "நிறுத்துங்கள், இது கடைசிப் பக்கம்! மறுபக்கத்திலிருந்து தொடங்குங்கள்" என்று கொட்டை எழுத்தில் இருந்தது. கீழே கட்டங்களுக்கு எண் போட்டு ஒரு படம். படம் பார்த்துப் புரிந்துகொள்ள நான் என்ன பாலர் வகுப்பா என்று புத்தகத்தைத் திருப்பி, வலப்பக்கத்திலிருந்து ஒவ்வொரு தாளாகப் புரட்டிப் படித்தார். கடையில் மதியம் ஆள் வராத நேரத்தில் துணிச் சுருள்களுக்குப் பின்னால் உட்கார்ந்து பதினொன்றையும் முடித்தார். அவர் படித்ததிலேயே கிறுக்குப் பிடித்த கதை. ஆனால் எழுதுவதற்கு வசதியான கதை. விமர்சனம் வெள்ளிக்கிழமை வெளியானது. அதிலிருந்து கொஞ்சம்:

"கதாநாயகியைப் பள்ளியில் குடைக்காரி என்கிறார்கள். கொளுத்தும் வெயிலிலும் குடையோடு வருகிறாள். பின்பெஞ்சுக்காரன் ஒருவன் மேல் அவளுக்குக் காதல். வயசு, தப்பில்லை. ஆனால் இந்தப் பெண்ணுக்கு ஒரு விசித்திர வியாதி உண்டு, கேள்வி வருமுன்னே பதில் சொல்லிவிடுகிறாள். 'இல்லை, குளிரவில்லை' என்கிறாள். அதற்கப்புறம்தான் அவன் 'குளிர்கிறதா?' என்கிறான். வாடிக்கையாளர் வாயைத் திறக்குமுன்னே பாதி விலைக்குத் தருகிறேன் என்று ஓடிவருகிற கடைக்காரி. நான்காம் பாகத்தில் மழை. நண்பர்களுக்கு நடுவில் நிற்கிற அவன் இவளைக் காட்டி 'யார் இவள்?' என்கிறான். இவள் சிரித்தபடி குடையை நீட்டுகிறாள். அவன் நனைகிறான், உடனே இவள் கை குடையைப் பற்றுகிறது. முகத்தில் துப்பினாலும் மழை என்று குடை பிடிக்கிற பெண்ணை இப்போதுதான் பார்க்கிறேன். முதுகெலும்பு தனியாக விற்பனைக்கு உண்டா என்று பதிப்பகத்தார் தெரிவிக்கலாம். பெண்ணைப் பெற்றவர்கள் இந்தப் புத்தகங்களை எட்டாத அலமாரியில் வைக்கவும்."

கடைசி வரி ஒரே ஒரு வாசகிக்காக எழுதியது.

மத்தியானத்துக்குள் அவர் போன் சூடாகிவிட்டது. அறிமுகமே இல்லாத எண்களிலிருந்து வரிசையாகச் செய்தி. "சார், நீங்க மாங்கா படிச்சீங்களா, இல்ல நீங்களே ஒரு மாங்காவா?" என்று ஒன்று. சிரித்து உருளும் பொம்மை முகங்கள் மட்டும் வரிசையாக இன்னொன்று. பெண் பிள்ளைகள் கோபித்துக்கொண்டால் விற்பனை நன்றாக இருக்கிறது என்று பொருள் என மனதுக்குள் சொல்லிக்கொண்டு, ஒரு வாடிக்கையாளருக்கு ஜன்னல் துணி அளந்துகொண்டிருந்தபோது ஆசிரியரம்மா அழைத்தார்.

"சார், ஒண்ணு கேட்கட்டுமா? கோவிச்சுக்கக் கூடாது. பக்கத்தை எந்தப் பக்கத்துலேருந்து திருப்பினீங்க?"

"வலது பக்கத்துலேருந்துதான். அதுகூடவா தெரியாது? முதல்லயே எச்சரிச்சிருக்கானே."

"சரி. கட்டத்தை?"

"எந்தக் கட்டத்தை?"

ஆசிரியரம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஒரு பக்கத்துக்குள்ள அஞ்சு, ஆறு கட்டம் இருக்குல்ல சார். அதையும் வலதுலேருந்து இடதுக்குத்தான் படிக்கணும். நீங்க தமிழ் படிக்கிற மாதிரி இடதுலேருந்து படிச்சிருக்கீங்க. பதினொரு பாகத்தையும்."

கறார் கையிலிருந்த துணியைப் பார்த்தார். திரைச்சீலையை உள்புறம் வெளிப்புறம் மாற்றித் தைத்துவிட்டு, பூ மங்கலாக இருக்கிறது என்று நெசவாளியைத் திட்டும் தையல்காரர்களை அவர் பார்த்திருக்கிறார். அவர்களைப் பற்றி ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தும் இருக்கிறார். கேள்விக்கு முன் பதில் வந்ததன் காரணம் இப்போது புரிந்தது. வியாதி குடைக்காரிக்கு இல்லை.

வீடு திரும்பியபோது மனைவி இன்னும் மருந்துக்கடை வேலையிலிருந்து வரவில்லை. சாப்பாட்டு மேசையில் சில்லறை உட்கார்ந்திருந்தாள். முன்னால் பத்திரிகை, அதன் மேல் நான்காம் பாகம்.

"அப்பா, இங்க வந்து உட்காருங்க."

இரண்டு மாதத்தில் முதல் வாக்கியம். ஊர் சிரித்தது, மானம் போனது எல்லாம் அந்த ஒரு நொடிக்கு லாபமாகவே பட்டது அவருக்கு. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "சரி, உன் கடைசி விலையைச் சொல்லு" என்றார்.

"தமாஷ் வேணாம். விரலை இங்க வைங்க."

மழைப் பக்கம். மேல் வரிசையில் வலக் கட்டத்தின் மேல் அவர் விரலை வைத்தாள். குடைக்காரி சிரித்துக்கொண்டே குடையை நீட்டுகிறாள். விரல் இடது பக்கம் நகர்ந்தது. 'யார் இவள்?' கீழ் வரிசை, வலக் கட்டம். குடையைப் பற்றிய கை. அந்தக் கை குடையைப் பிடிக்கவில்லை, தன் பக்கம் இழுத்து மடக்கிக்கொண்டிருந்தது. விரல் மறுபடி இடது பக்கம் போனது. அவன் தனியாக நனைகிறான்.

"அப்புறம் அவன் மன்னிப்புக் கேட்கிற வரைக்கும் அவன் இருக்கிற பக்கமே அவ திரும்பலை. ஒரு பாகம் முழுக்க. இடதுலேருந்து படிச்ச உங்களுக்கு, அவ அவன் பின்னாலயே போற மாதிரி தெரிஞ்சிருக்கும்."

"பெரிய ஆளுதான் உன் குடைக்காரி" என்றார். "தப்பு என்னோடதுதான்மா. அடுத்த வாரமே திருத்தம் போட்டுடலாம். அரைப் பக்கத்துக்குப் போடலாம்."

"புத்தகத்துக்குப் போடுவீங்க. எனக்கு?"

"உனக்கு என்ன?"

"அன்னைக்குப் படிக்கட்டுல எங்களைப் பார்த்தீங்களே. அதையும் இப்படித்தான் படிச்சீங்க."

அவள் புத்தகத்தை மூடி, அதன் அட்டையைப் பார்த்தே பேசினாள்.

"மேலே போனது நான் தனியா. கீழே வந்ததுதான் ரெண்டு பேரா."

"என்ன சொல்றே?"

"கணக்குப் பேப்பரை அன்னைக்கே கிளாஸ்ல கொடுத்துட்டாங்க. மார்க் ஷீட்தான் ஒரு வாரம் கழிச்சு வந்துச்சு. முப்பத்தொண்ணை வச்சுக்கிட்டு வீட்டுக்கு வந்தேன். வாசல் வரைக்கும் வந்தேன்பா. நீங்க பரீட்சைக்கு முன்னாடி என்ன சொன்னீங்க?"

அவருக்கு நினைவில்லை. எத்தனையோ சொல்கிறவர்.

"'தொண்ணூறுக்குக் கீழ வந்தா இந்த வாசப்படியை மிதிக்காதே.' மாமா கூட இருந்தாங்க. எல்லாரும் சிரிச்சீங்க. அதனால மிதிக்கலை. நிக்காம மேலே போயிட்டேன்."

"அது தமாஷுடி கண்ணு."

"எனக்கு எப்படித் தெரியும்? உங்க தமாஷுக்கும் நிஜத்துக்கும் ஒரே முகம்."

மேலே என்ன செய்தாள் என்று அவர் கேட்காமலே அவள் சொன்னாள். கைப்பிடிச் சுவர் ஓரமாக நின்றிருக்கிறாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது. கீழே பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறாள். லிஃப்ட் பழுதென்று மொட்டைமாடி மெஷின் அறையில் மெக்கானிக் வேலை செய்துகொண்டிருக்க, அவருக்கு ஏதோ சாமான் கொண்டுவந்த பையன் இவளைப் பார்த்திருக்கிறான்.

"ஒண்ணுமே கேட்கலை அவன். பையைக் குடு, கனமா இருக்கும்னான். கொடுத்தேன். அப்புறம் கையைப் பிடிச்சு சுவர்கிட்டேருந்து கூட்டிட்டு வந்தான். உங்க அப்பாகிட்ட மார்க்கை நானே சொல்றேன், நீ பின்னால நின்னாப் போதும்னான். நம்ம வீட்டுக்கு இன்னும் கொஞ்சம் படிதான் பாக்கி. நீங்க வந்துட்டீங்க."

வாசலில் ஏதோ விழுந்தது. மனைவி நின்றிருந்தாள். கைப்பை தரையில் கிடந்தது, காலில் செருப்பு அப்படியே இருந்தது. எப்போது வந்தாள், எதிலிருந்து கேட்டாள் என்று தெரியவில்லை. செருப்போடு உள்ளே வந்து மகளின் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"ஏன்டி அப்பவே சொல்லலை?" என்றார் கறார். அவர் குரல் அவருக்கே பழக்கமில்லாததாக இருந்தது.

"நீங்க கேட்கலையே. விடையை முதல்லயே சொல்லிட்டீங்க." அம்மாவின் புடவைக்குள்ளிருந்து வார்த்தை அமுங்கி வந்தது.

"அவன்மேல உனக்கு..."

"வந்திருக்கலாம். எனக்கே தெரியறதுக்குள்ள ஊருக்கு அனுப்பிட்டீங்க." தலையை வெளியே எடுத்தாள். "அவங்க அப்பாகிட்டப் போய்ச் சொல்லுங்க. நான் எதுக்கு மேலே போனேன்கிறதையும் சேர்த்து. அதை விட்டுட்டுச் சொன்னா அது பேரம்."

மறுநாள் மனைவி விடுப்பு எடுத்துக்கொண்டு மகளை ஒரு மனநல மருத்துவரிடம் அழைத்துப் போனாள். கறார் லிஃப்ட் மெக்கானிக்கைத் தேடிப் போனார்.

மெக்கானிக் ஒரு அலுவலகக் கட்டடத்தில், திறந்து கிடந்த லிஃப்ட் கதவுக்கு முன்னால் குந்தி, தண்டவாளம் போன்ற ஏதோ ஒன்றில் கிரீஸ் தடவிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார், எழுந்திருக்கவில்லை.

"இப்ப என்ன சார்? இன்னும் எங்க அனுப்பணும் அவனை?"

வரும் வழியெல்லாம் கறார் ஒத்திகை பார்த்திருந்தார். முழுசையும் கொட்ட வேண்டியதில்லை. பெண் பிள்ளை விஷயம், நாளைக்கு நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். பாதி சொன்னால் போதும், மீதியை ஒரு நல்ல வார்த்தையால் மூடிவிடலாம்.

"உங்க பையன் மேல தப்பே இல்லைங்க. நான்தான் அவசரப்பட்டுட்டேன். ரெண்டு பேரும் சும்மா படிப்பு விஷயமாப் பேசிக்கிட்டு நின்னிருக்காங்க."

மெக்கானிக் கிரீஸ் கையைத் துணியில் துடைத்தார், ஒவ்வொரு விரலாக.

"படிப்பு விஷயம்னா அவன் சொல்லியிருப்பானே. நீங்க வந்து கத்திட்டுப் போன அன்னைக்கு அவனை பெல்ட்டால அடிச்சேன் சார். அவளை எதுக்குடா கையைப் பிடிச்சேன்னு கேட்டுக் கேட்டு அடிச்சேன். 'நான் சொல்லமாட்டேன்பா'ன்னு அது ஒண்ணுதான் சொன்னான். படிப்புக்காக எவன் சார் அப்படி அடி வாங்குவான்?"

துணி வியாபாரத்தில் ஒரு நொடி வரும். வாடிக்கையாளர் துணியின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கும் நொடி. அதற்குப் பிறகு வாயால் மறைக்க ஒன்றும் இருக்காது. கறார் அந்தத் தரையில், லிஃப்ட் கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். வாசல்படி தமாஷிலிருந்து தொடங்கிச் சுவர் வரைக்கும், நடந்த வரிசையிலேயே சொன்னார். யாரையும் சிரிக்கவைக்காமல் இவ்வளவு நேரம் அவர் பேசியதே இல்லை.

மெக்கானிக் முடிவு வரை கேட்டார். பிறகு திறந்திருந்த லிஃப்ட் குழியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் பத்தடி தள்ளி அந்த ரூமுக்குள்ளதான் இருந்தேன்" என்றார். "சாமானைக் கொண்டு வர ஏன்டா இவ்வளவு நேரம்னு உள்ளேருந்து திட்டினேன்." கொஞ்சம் கழித்து, "பொண்ணு இப்ப எப்படி இருக்கு?" என்றார்.

"டாக்டர்கிட்டப் போயிருக்கு. அவ அம்மா கூட."

மெக்கானிக் தன் போனை எடுத்து மகனை அழைத்து, எதுவும் சொல்லாமல் கறாரிடம் நீட்டினார். அதன் கண்ணாடியில் கிரீஸ் படிந்த கட்டைவிரல் அச்சு.

"தம்பி, நான் சில்லறையோட அப்பா. உங்க அப்பாகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். அவ மேலே போனது, நீ..."

"அவ சொல்லச் சொன்னாளா?" பையனின் குரல் உடைந்தும் உடையாமலும் இருந்தது. "இல்ல நீங்களா சொல்லிட்டீங்களா?"

"அவதான் சொல்லச் சொன்னா."

"அப்பச் சரி" என்றான். இணைப்பு அறுந்தது. மறுபடி அழைத்தபோது எடுக்கவில்லை. மெக்கானிக்கே அழைத்தும் எடுக்கவில்லை.

"பெரியப்பா வீட்டுலேயே இருந்துக்கறேன்கிறான் சார். என்கிட்டயும் சரியாப் பேசறதில்லை" என்றார் மெக்கானிக். அதைக் கேட்கிறபோது கறாருக்கு எதிரில் கண்ணாடி வைத்தது போலிருந்தது. மேல் மாடியில் யாரோ பொறுமையில்லாமல் லிஃப்ட் பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தார்.

அன்று மாலைக்குள் டியூஷன் வாத்தியாரைப் பார்த்து, பையன் மேல் தப்பில்லை என்றார். "அப்படியா, நல்லது" என்று அவர் விறைப்பாகச் சொன்னார். சங்கச் செயலாளர் நம்பினாரா என்று தெரியவில்லை, ஆனால் கேட்டுக்கொண்டார். மைத்துனர் போனில் வழக்கம்போலச் சிரிக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்தினார். குடைக்காரிக்கான திருத்தம் அடுத்த வெள்ளிக்கிழமை அரைப் பக்கத்துக்கு வந்தது. அதில் ஒரு நகைச்சுவையும் இல்லை என்று வாசகர்கள் வருத்தப்பட்டு எழுதினார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை ராத்திரி சில்லறை கேட்டாள், "எல்லார்கிட்டயும் சொல்லியாச்சா?"

கறார் விரலை மடக்கினார். பழிச்சொல் கொடுத்தது நான்கு பேரிடம், மெக்கானிக், வாத்தியார், செயலாளர், மாமா. நான்கையும் திரும்ப வாங்கியாயிற்று. படிக்கட்டில் நேருக்கு நேர் 'பொறுக்கி' என்றது ஐந்தாவது ஆளை. அந்த ஒன்று திரும்பவில்லை. மன்னிப்பு என்ற சொல்லை வாயில் எடுப்பதற்குள் அவன் போனை வைத்துவிட்டான்.

"நாலு தீர்ந்துச்சு" என்றார். "ஒண்ணு பாக்கி."